எழுநூறாவது பந்து

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் என் நிறுத்தத்தைத் தாண்டி பஸ் போய்விட்டது. "இறங்கணும்" என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பெரியவர் இறங்க, அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். ஒன்பது நாளும் இதே கதை.

டென்னிஸ் சங்கத்தில் ஆவண உதவியாளர். ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் பார்ப்பார்களாம். சாம்பியன் அம்மாவுக்காக ஒரு கௌரவ அறை கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் நான்காம் தேதி திறப்பு விழா. அதற்குள் அவர் ஆடிய ஆட்டங்கள் அத்தனையையும் நான் பட்டியல் போட்டு முடிக்க வேண்டும். பதினொரு முறை தேசியப் பட்டம். தொடர்ந்து நாற்பத்தொரு வெற்றி. வலது மணிக்கட்டு முறிந்திருந்தபோது இடது கையால் ஆடி ஜெயித்த ஓர் அரையிறுதி. மொத்தம் எழுநூறு வெற்றிகள். அந்த எழுநூறை ஏற்கெனவே பித்தளைப் பலகையில் வெட்டி, பழைய போர்வையில் சுற்றி, என் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. புள்ளியியல். லாரிப் பட்டறையில் வேலை செய்யும் அப்பா, "எம்பொண்ணு டென்னிஸ்ல இருக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். எதிர்வீட்டு அத்தை இன்று என் கையை அமுக்கிப் பார்த்தாள். "சதையவே காணோமேடி! இத வச்சுக்கிட்டா அடிக்கிற?"

சிரித்து வைத்தேன்.

மார்ச் 4, புதன்

சாம்பியன் வந்தார். அறுபத்து நான்கு வயது. அவர் கதவைத் திறப்பதில்லை. கதவு அவருக்குத் திறக்கிறது. பின்னால் இரண்டு காவலாளிகள் ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஜெயிச்ச ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பந்து எடுத்து வச்சிருக்கேன். தேதி எழுதியிருக்கும். தோத்த ஆட்டத்துப் பந்த நான் வீட்டுக்குள்ள சேக்கிறதில்ல."

"சரிங்க மேடம்."

"என்னது?"

"சரிங்க மேடம்."

அவர் சங்கச் செயலாளரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பேசுதா, இல்ல வாய் மட்டும் அசையுதா?"

"பேசும்னு சொல்லித்தான் சேத்து விட்டாங்க மேடம்."

மார்ச் 6, வெள்ளி

பந்து எண்ணினேன். தரையில் பத்துப் பத்தாக வரிசை. முந்நூற்று நாற்பதில் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். எல்லாம் உருண்டு வராந்தாவுக்குப் போயின. காவலாளியின் நாய்க்கு இன்றுதான் சொர்க்கம் கிடைத்தது.

சாயங்காலம் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என்னடி வேல பாத்த இன்னிக்கு?"

"பந்து எண்ணினேன்."

"பந்து எண்ணவா உன்னைய கண்ணு வலிக்கத் தச்சுத் தச்சுப் படிக்க வச்சேன்?"

"நாயும் துரத்தினேன்."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கொஞ்சம் வேகமாக.

மார்ச் 9, திங்கள்

பந்துகள் எழுநூறு. சங்கப் பேரேட்டில் வெற்றிகள் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் அதேதான். பிறகு ஒவ்வொரு பந்தாகத் தேதி பார்த்துப் பேரேட்டோடு ஒப்பிட்டேன். எல்லாப் பந்தும் தேய்ந்து, மண்ணேறி, சில வழுக்கையே ஆகிவிட்டன. ஒரு பந்து மட்டும் மஞ்சளாக, மயிர் கலையாமல், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தது. ஒரு அடிகூட வாங்காத பந்து. முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. பேரேட்டில் அந்தத் தேதிக்கு நேரே: "எதிராளி வரவில்லை."

விதிப் புத்தகம் பக்கம் இருபத்தேழு: எதிராளி வராமல் கிடைப்பது வெற்றிக் கணக்கில் சேராது.

சேராது என்றால் சேராதுதானே? பித்தளையில் வெட்டியாயிற்றே! இதை யார் சொல்வது? நானா? என்னால் பஸ்ஸையே நிறுத்த முடியவில்லை!

மார்ச் 10, செவ்வாய்

ஒரு சீட்டில் எழுதிச் செயலாளர் மேஜையில் வைத்தேன். அவர் அதைச் சுருட்டிப் பல் குத்தினார்.

மார்ச் 11, புதன்

அட்டையில் எழுதி வைத்தேன். அட்டையால் பல் குத்த முடியாது. படித்தார். தண்ணீர் குடித்தார். போர்வையை விலக்கிப் பலகையைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்கயாவது ஒரு வெற்றி விட்டுப் போயிருக்கான்னு பாரேன். பள்ளிக்கூடத்துல ஆடினது... சொந்தக்காரங்ககூட ஆடினது..."

தலையாட்டினேன், இல்லை என்று.

"அப்போ நீயே போய் அவங்ககிட்ட சொல்லு. நான் சொன்னா மட்டையால அடிப்பாங்க. உன்னப் பாத்தா பாவம்னு விட்டுருவாங்க."

நல்ல தர்க்கம்.

மார்ச் 12, வியாழன்

சாம்பியன் வீட்டு வரவேற்பறையில் கோப்பைகள் வைக்க இடமில்லாமல் ஒன்றில் குடைகள் செருகியிருந்தன. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். அமுக்கினார். மோந்தார். முகம் மாறியது.

"அவதானே? வரவே இல்ல! என்னப் பாத்து பயந்து ஓடிட்டா. பயந்து ஓடினா அது வெற்றியில்லையா?"

விதிப் புத்தகத்தைத் திறந்து பக்கம் இருபத்தேழை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடினார். தலைமேலேயே இருந்தது. நான் அதையும் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடித்துப் படித்து முடிக்கக் கால் மணி நேரம்.

"அவ மூணு தெரு தள்ளி பேக்கரி வச்சிருக்கா. முப்பத்தெட்டு வருஷமா அந்தக் கடைப் பக்கம் நான் திரும்பினதில்ல. பன் வாசனை வந்தா மூக்கப் பொத்திக்குவேன். போ, அவளக் கூட்டிட்டு வா. இந்தப் பந்த நான் அடிச்சே தீரணும். எழுநூறு எழுநூறாத்தான் இருக்கும்!"

வெளியே வந்த பிறகுதான் தோன்றியது, அந்த வீட்டில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மார்ச் 13, வெள்ளி

செயலாளர் உயிர் பிழைத்தவர் போல இருக்கிறார். விதிப் புத்தகத்தில் இன்னொன்று கண்டுபிடித்துவிட்டார்: நடக்காத ஆட்டத்தை, இருவரும் சம்மதித்தால், சங்க அனுமதியோடு பின்னொரு நாள் ஆடலாம். எத்தனை நாளுக்குள் என்று எழுதவில்லை. எழுதியவருக்கு இப்படி ஒரு யோசனை எவருக்காவது வரும் என்று தோன்றியிருக்காது.

பேக்கரிக்குப் போனேன். என் முறை வந்தது. ஆறு பன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

ஆறு பன்.

மார்ச் 16, திங்கள்

வீட்டில் பன்னைப் பார்த்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். இன்று ரொட்டி வாங்கினேன், ஒரு மாறுதலுக்கு.

கல்லாவில் இருந்த அம்மா சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒல்லியான உடம்பு, மாவு படிந்த புருவம். ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. நான் ஏதோ சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இருவரும் கல்லாமேல் குனிந்தோம். நெற்றி முட்டிக்கொண்டது.

"தினமும் வந்து நிக்கிறியேம்மா, என்ன வேணும் உனக்கு?" இதுதான் கேட்டிருக்கிறார். என்னைவிடச் சன்னமான ஒரு குரலை இன்றுதான் கேட்கிறேன்.

பந்தைக் கல்லாமேல் வைத்தேன். தேதியைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் ஓடல. மைதானத்துலதான் இருந்தேன். உடை மாத்துற எடத்துல... கக்கூஸ்ல. தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு."

"கத்தலையா?"

"கக்கூஸுக்குள்ள இருந்து எப்படிம்மா கத்துறது? ஆம்பளைங்க வேற நடமாட்டம். 'யாராவது இருக்கீங்களா'ன்னு மெதுவா கேட்டேன். மைக்ல மூணு தடவ என் பேரச் சொன்னாங்க. மூணு தடவையும் 'வரேன், வரேன்'னு சொன்னேன். நாலு மணி நேரம் கழிச்சு கூட்டுறவங்க வந்து தொறந்தாங்க. அத எப்படி வெளிய சொல்றது? பயந்து ஓடிட்டான்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும். இரண்டையும் சத்தமில்லாமல் செய்தேன். அவரும் அப்படியே.

பிறகு சொன்னார்: "அன்னிக்கு நான் ரொம்ப நல்லா தயாராகி வந்திருந்தேன், தெரியுமா."

ஆடுகிறாராம்.

மார்ச் 19, வியாழன்

நடுவர் யார் என்று சண்டை. சங்கத்தில் எல்லோரும் சாம்பியனின் ஆட்கள், அதனால் பேக்கரி அம்மா ஒப்பவில்லை. பேக்கரி அம்மா சொன்ன ஆள் அவர் கடையில் பன் தின்கிறவர், அதனால் சாம்பியன் ஒப்பவில்லை. கடைசியில் சாம்பியன் என்னைக் காட்டினார்.

"இது இருக்கட்டும். பேசவே பேசாது. அப்புறம் பொய் எங்க சொல்லப் போகுது?"

பேக்கரி அம்மா தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை.

போகும்போது செயலாளர் காதோரம் வந்து, "பாத்துச் சொல்லும்மா. பலகை இருக்கு. உன் வேலையும் இருக்கு" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில்.

மார்ச் 21, சனி

விதிகளை மனப்பாடம் செய்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு "அவுட்" என்று சொல்லிப் பார்த்தேன். வெளியே அம்மா, "என்னடி, கூப்பிட்டியா?" என்றாள். இல்லை, தண்ணீர்ச் சத்தம் என்றேன்.

எதற்கும் குளியலறைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது? அப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா தெருவையே கூட்டி வந்துவிட்டார். நான்தான் ஆடப் போகிறேன் என்று நினைத்து! எதிர்வீட்டு அத்தை கையில் விசிறியோடு முன்வரிசை. நான் ஏணி வைத்த உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு நொடி எல்லோரும் குழம்பினார்கள். அப்பா மட்டும் குழம்பவில்லை. "பாத்தீங்களா, எல்லாருக்கும் மேல உக்காந்திருக்கா" என்றார்.

ஒரே ஒரு செட். அந்தப் பந்தால்தான் ஆடுவேன் என்று சாம்பியன் பிடிவாதம். முப்பத்தெட்டு வருடப் பந்து! முதல் அடியில் தரையில் பட்டு எழுந்தது, கணுக்கால் வரைக்கும். அதற்குமேல் அதற்குத் தெம்பில்லை. இருவரும் கீரை பறிப்பது போலக் குனிந்து குனிந்து ஆடினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் நால்வர் முட்டி வலியில் முனகுவது போலச் சத்தம் கேட்டது. இருந்ததோ இரண்டு பேர்தான்.

"அடியே, பயந்து ஓடினவளே, ஓடி எடுடி பாப்போம்!"

பேக்கரி அம்மா வலையருகே வந்து ஏதோ சொன்னார். சாம்பியன் காதைச் சாய்த்தார். மறுபடி சொன்னார். சாம்பியன் மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஐந்து நிமிடம் ஆட்டம் நின்றது. "கக்கூஸ்லயா? முப்பத்தெட்டு வருஷம் நான் பன் திங்காதது ஒரு தாழ்ப்பாளுக்காகவா?"

அதுவரை நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. பந்து வெளியே விழுந்தபோதெல்லாம் கையைத் தூக்கினேன். எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்த பந்துகள்.

ஐந்துக்கு ஐந்து. பிறகு பேக்கரி அம்மா ஆறு. ஏழாவதுக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் அவருக்கு வெற்றி. சாம்பியன் முழு மூச்சோடு ஒன்று தூக்கி அடித்தார். பந்து மேலே போய், யோசித்து, பேக்கரி அம்மாவின் தலையைத் தாண்டிப் பின்கோட்டருகே பொத்தென்று விழுந்தது.

கோட்டுக்கு வெளியே. நாலு விரல். நான் பார்த்தேன்.

என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. வெயில் அவர்கள் கண்ணில். சாம்பியன் மட்டையை உயர்த்தி, "உள்ளதான்!" என்றார். சங்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். செயலாளர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. பேக்கரி அம்மா பந்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. வெளியே என்றுதான் சொன்னார். எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும்? அடுத்த பாயிண்டுக்கு அவர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

"அவுட்!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. கூரையிலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. காவலாளியின் நாய் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. அத்தையின் விசிறி கீழே விழுந்தது.

சாம்பியன் நடந்து வந்தார். பந்து பட்ட தடத்தின் அருகே மண்டியிட்டுக் கோட்டிலிருந்து விரல் வைத்து அளந்தார்.

"எத்தன வெரல்?"

"நாலு மேடம்."

"மூணு."

"நாலு."

ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். வேலை போச்சு, பலகை போச்சு...

"யாராவது வந்து என்னத் தூக்கி விடுங்க," என்றார் சாம்பியன். "முட்டி பிடிச்சுக்கிச்சு."

பேக்கரி அம்மாதான் தூக்கிவிட்டார்.

மார்ச் 23, திங்கள்

செயலாளர் என்னோடு பேசவில்லை. அவர் முறை.

மத்தியானம் மட்டும் ஒரு வாக்கியம்: "பேசாத பொண்ணுன்னு நம்பினேனேம்மா."

ஏப்ரல் 4, சனி

திறப்பு விழா. புதுப் பலகையில் 699. விருந்தினர் ஒருவர் இதென்ன இப்படி ஓர் எண் என்று கேட்டார். சாம்பியன் நெஞ்சை நிமிர்த்தினார். "எழுநூறுன்னு யாரு வேணாலும் குத்துமதிப்பாச் சொல்லலாம். இது எண்ணினது. எண்ணினவ அங்க நிக்கிறா. சண்டைக்குப் போயிடாதீங்க, கத்திப்புடுவா."

பெட்டியிலும் இப்போது அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மிச்சம் ஒரு பந்து பேக்கரியில் கல்லா பக்கத்தில், கண்ணாடிக் கிண்ணத்துக்குள். பழைய பித்தளைப் பலகையும் அங்கேதான். பேக்கரி அம்மா அதைத் தட்டாக வைத்து பன் சுடுகிறார். ஒவ்வொரு பன்னின் அடிப்பக்கமும் 700 என்று இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. சாம்பியன் நாலு தின்றார். முப்பத்தெட்டு வருடப் பாக்கியாம்.

அடுத்த மாதப் போட்டியின் நடுவர் பட்டியலைச் செயலாளர் சுவரில் ஒட்டினார். மூன்றாவது பெயர் என்னுடையது. இந்த முறையும் என்னை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பஸ்ஸில் "இறங்கணும்!" என்றேன். டிரைவர் அரண்டுபோய் அந்த இடத்திலேயே பிரேக் போட்டுவிட்டார். என் நிறுத்தம் வர இன்னும் ஒன்று இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இறங்கி நடந்தேன்.