அரிசிக்குள் வைத்த லேப்டாப்

மக்கா,

இன்று காலை பழைய லேப்டாப் பையைக் கவிழ்த்தேன். ஓரத் தையலிலிருந்து நாலைந்து அரிசி உதிர்ந்தது. லேப்டாப் நேற்றே கண்ணை மூடிவிட்டது. உன் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வைக்க வேண்டிய படமோ இன்னும் திருத்தாமல் கிடக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டூடியோச் சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைக் கழற்றி, அதே படம் உள்ள பென் டிரைவோடு பையில் போட்டுக்கொண்டு, புது லேப்டாப் வாங்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

தக்கலையில் நாம் இருவரும் ஸ்டூடியோ போட்ட புதிதில் அந்த லேப்டாப்புக்காக எத்தனை கடை ஏறி இறங்கினோம்! விலை கையைக் கடிக்கக் கூடாது, பல வருஷம் உழைக்க வேண்டும், கல்யாண ஆல்பம் திணறாமல் ஓட வேண்டும். நான் மெமரி, ஹார்ட் டிஸ்க் என்று விசாரித்துக்கொண்டிருப்பேன். நீ உன் அம்மாவின் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பாய். அதே படத்தை பென் டிரைவிலிருந்து திறந்து, திரையை முன்னும் பின்னும் சாய்ப்பாய்.

"அம்மைக்க நெறம் வெளுக்குது. வேண்டாம், வா."

கடைக்காரர் முகம் சுண்டிப்போகும். எனக்கு மானம் போகும். கடைசியில் உனக்குப் பிடித்தது கனத்த, மினுக்கமில்லாத ஒன்று. அடிமூடியைத் திறந்து பின்னால் மெமரி கூட்டிக்கொள்ளலாம் என்று கேட்ட பிறகுதான் நான் சமாதானமானேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் உன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. ஈரம் ஏறாமல் இருக்கக் கேமராவை அரிசி டப்பாவில் வைக்கிற பழக்கத்தில், லேப்டாப்பையும் அரிசிப் பெட்டிக்குள் இறக்கிவிட்டாய். ஒருநாள் மணப்பெண் ஒருத்தியின் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தோம். கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அழிக்கப் போன என் கையைப் பிடித்தாய்.

"மச்சத்த எடுக்காத மக்கா. அவளுக்க அம்மை தேடுவா."

நீ சொல்லி முடிக்கவில்லை, மச்சம் மெல்ல நகர்ந்து மூக்கின் மேல் ஏறியது. அரிசி வண்டு! கீபோர்டு இடுக்கிலிருந்து இன்னொன்றும் எட்டிப் பார்த்தது. சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

இன்று நாகர்கோவிலில் ஏறிய முதல் கடையில், திரையில் நீ சிவந்து போனாய். அடுத்த கடையில் மாவு பூசியதுபோல வெளுத்தாய். "அண்ணே, இதுல ஆளு நல்ல வெளுப்பா தெரியும் பாருங்க" என்றாள் விற்கிற பெண்.

"எனக்கு வெளுத்த ஆளு வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிய நீ திரும்பி வரவே இல்லையே, அந்தக் கோபம் அவள் மேல் விழுந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன், மறுபடி திரும்பி வந்தேன். ஒரு சின்னக் கடையில், எப்படிச் சாய்த்தாலும் நிறம் மாறாத திரையில், நீ நீயாகவே கறுத்து நின்றாய். அடிமூடி திறக்குமா என்று கேட்டேன். திறக்கும் என்றார்கள். வாங்கிவிட்டேன். இனி எந்தக் கடைக்குப் போனாலும் உன் படம் என்னோடு வரும்.

சாயங்காலம் படத்தைத் திருத்தி, லேப்டாப்போடு உன் அம்மாவிடம் கொண்டுபோனேன். முகத்தை வெளுப்பாக்கவில்லை, புருவத் தழும்பையும் தொடவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் திரையின் மேல் எதையோ தேடி ஊர்ந்தது. உன் கீழுதட்டுக்கு அடியில் இருந்த மச்சத்தைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது.

"இருக்கு மக்கா," என்றார். "இங்கதான் இருக்கு."