நான்கு நிமிடம் தாமதித்த திரு. ஆபர்சோல்டுக்கு அபராதம் எழுதாதது குறித்து

அனுப்புநர்:
உர்ஸ் ஃபங்கவுசர்,
நகரக் காவலர்,
வாகன நிறுத்தம் மற்றும் புகார்ப் பிரிவு,
ஹின்டர்மூஸ்.

பெறுநர்:
திருமதி அன்னலீஸ் ஷ்வென்டிமான்,
நகராட்சித் தலைவர்,
ஹின்டர்மூஸ்.

பொருள்: என் மீது திரு. வெர்னர் ஆபர்சோல்ட் கொடுத்து, நானே என் கையால் பதிவு செய்துகொண்ட புகாரைத் தள்ளுபடி செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பதினொரு ஆண்டுகளாக இந்நகரின் நீலக்கோட்டு வாகன நிறுத்தங்களைக் கண்காணித்து வருகிறேன். வேறு ஊர்களில் அபராதம் எழுதினால் காவலரைத் திட்டுவார்களாம். நம் ஊரில் யாரும் தன் அபராதத்தைப் பற்றி முணுமுணுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்கத்தான் காவல் நிலையத்துப் படியேறி வருகிறார்கள். எதிர்வீட்டு வண்டியின் சக்கரம் கோட்டை மிதித்ததை, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக் கொண்டுவந்தார் திருமதி இன்னிகர். மூன்று சென்டிமீட்டர். "இன்னைக்கு மூணு விட்டா நாளைக்கு முப்பது வரும், நீங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பீங்க" என்றார். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. பழகிவிட்டது.

1. கடந்த ஜனவரி 13, சனிக்கிழமை காலை, ரொட்டிக் கடைக்கு முன்னால் நிறுத்தியிருந்த வண்டிகளில், வந்து நிறுத்திய நேரத்தைக் காட்டக் கண்ணாடிக்குள் வைக்கும் நேர அட்டைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தேன். திரு. ஆபர்சோல்டின் அட்டைப்படி அவருடைய கெடு 11.30 வரை. 11.20க்கு, உப்புத் தூவாத பனியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் முறிந்தது. (வழுக்காமலிருக்க உப்புத் தூவுவது நகராட்சியின் பொறுப்பு என்பதை இங்கு வலியுறுத்தவில்லை.)

2. ரொட்டியுடன் கடையிலிருந்து வெளியே வந்த திரு. ஆபர்சோல்ட், தன் மேலங்கியை மடித்து என் தலைக்கடியில் வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்தார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தவர். சொந்தத் தங்கைக்கே அபராதம் எழுதியவர் என்று ஊரில் பேச்சு. ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. அதனால், தான் வேலை பார்த்த தடத்தின் நிலையங்களையும், ஒவ்வொன்றிலும் ரயில் புறப்படும் நேரத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அழுதேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது பதிவேட்டில் ஏறாமல் இருந்தால் நல்லது.

3. 11.28க்கு, "போங்க ஐயா, உங்க நேரம் முடியப்போவுது" என்று நானே எச்சரித்தேன். "பேசாம படுங்க ஃபங்கவுசர். எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும்" என்றார். ஆம்புலன்ஸ் 11.32க்கு வந்தது. (அது சரக்கு இறக்கும் இடத்தில் நின்றதாக இரண்டு புகார்கள் வந்துள்ளன, விசாரித்து வருகிறேன்.) என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் வரை இருந்துவிட்டு, அவர் தன் வண்டியை அடைந்தபோது மணி 11.34. உடனே நேர அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சருக்கே திரும்பி வந்து, "எழுதுங்க" என்றார். நான் எழுதவில்லை.

4. கட்டுப் போட்ட காலுடன் நடக்க முடியாததால் அடுத்த வாரத்திலிருந்து என்னைப் புகார் மேசையில் உட்கார வைத்தார்கள். முதல் நாளே திரு. ஆபர்சோல்ட் வந்து, தன் மீது தானே புகார் கொடுத்தார். ஏற்க மறுத்தேன். கடமை தவறியதாக உடனே என் மீது புகார் கொடுத்தார். அதை ஏற்க மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. நான் 11.35 என்று எழுதியதை அடித்து 11.34 ஆக்கச் சொல்லி, திருத்தத்துக்குப் பக்கத்தில் என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். விசாரணை அதிகாரியும் நானே என்பதால், புகாரில் உண்மை இருக்கிறது என்று குறிப்பெழுத நேர்ந்தது.

5. அவர் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. "நீங்க அபராதத்த விட்டுட்டா, நான் கூலிக்கு உங்க கையப் பிடிச்ச மாதிரி ஆயிடும். நான் சும்மாதான் பிடிச்சேன்" என்றார். அவர் சொல்வது சரி. ஆனாலும் என்னால் எழுத முடியாது. இரண்டு வாரமாக இதே யோசனையாக இருக்கிறேன்.

6. இந்தப் புகாரின் பேரில் என் மீது கண்டனம் பதிவானால், விதிப்படி என்னைத் தெருப்பணியிலிருந்து எடுத்து ஆவண அறைக்கு அனுப்புவார்கள். அம்மையீர், எனக்கு இந்தத் தெரு பிடிக்கும். திருமதி இன்னிகரின் அளவுகோல் உட்பட.

ஆகவே, தாங்கள் முடிவெடுக்கும் முன், நான் எழுதாமல் விட்டது எது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த அபராதச் சீட்டை இப்போது எழுதி இணைத்திருக்கிறேன். வண்டி எண், இடம், நேரம் எல்லாம் சரியாக உள்ளன. தாமதத்தின் காரணம் என்ற கட்டத்தில், "பனியில் விழுந்து கிடந்தவரின் கையை விடவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே கையொப்பத்துக்கு இடம் இருக்கிறது. என்னால் போட முடியவில்லை. தாங்கள் போட்டால், கண்டனத்தை ஏற்றுக்கொண்டு ஆவண அறைக்குப் போகிறேன். தங்களாலும் முடியவில்லை என்றால், தயவுசெய்து புகாரைத் தள்ளுபடி செய்து, அதைத் திரு. ஆபர்சோல்டிடம் தாங்களே நேரில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

இடம்: ஹின்டர்மூஸ்
நாள்: 02.02.2024

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
உர்ஸ் ஃபங்கவுசர்

இணைப்பு: அபராதச் சீட்டு 1 (கையொப்பம் இடப்படாதது)