மாற்று மருந்து

அப்பா,

இன்று அம்மா பூண்டு ரசம் வைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து வாசம் வந்ததுமே நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் வயலுக்கு அடித்துவிட்டு வரும் மருந்துக்கும் ஏறக்குறைய இதே வாசம்தான். பூண்டை அழுகவிட்டு அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றியது போல இருக்கும். உங்கள் பனியனில், தலைத்துண்டில், நீங்கள் தொட்டுத் திறந்த தாழ்ப்பாளில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் அந்த வாசம் வந்தால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று எழுந்து ஓடி வருவேன்.

ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, பெரியப்பா எனக்கு ஓர் உருண்டை பிடித்து நீட்டினார். நீங்கள் போன பிறகு ஒவ்வொரு ராத்திரியும் இப்படித்தான். தன் தட்டில் முதல் கவளம் எனக்கு. "இந்தாத்தா, தம்பி இருந்தா குடுத்துருப்பான்ல" என்பார். கண் கலங்கியிருக்கும். நான் வாங்கி வாயில் போட்டுக்கொள்வேன். பிறகு கொல்லைப் பக்கம் போய்த் தொழுவத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பேன். சத்தம் வராமல் வாந்தி எடுக்கப் பழகிவிட்டேன்.

எல்லாரும் தூங்கியாயிற்று. பெரியப்பா புரளும்போது கயிற்றுக் கட்டில் முனகுகிறது. அப்போதெல்லாம் நான் விளக்குத் திரியை இறக்கிவிடுகிறேன். அம்மா எழுந்து கேட்டால் நாளைக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். விடிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நான் கஞ்சித் தூக்கோடு வயலுக்கு வந்தேன். ஐ.ஆர். எட்டு நெல் போட ஆரம்பித்த நாளிலிருந்து பூச்சியும் மருந்தும் நம் வயலைவிட்டுப் போகவில்லை. மருந்து டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு நீங்கள் வரப்போரம் நின்றீர்கள். டேங்கின் அடிப்பொருத்தில் கசிந்து பனியன் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"முதுகு குளுகுளுன்னு இருக்குத்தா. காரைக்குடி டாக்கீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்த மாதிரி" என்று சிரித்தீர்கள்.

குழாய் முனை அடைத்துக்கொண்டது. நீங்கள் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினீர்கள். துப்பினீர்கள். மறுபடி ஊதினீர்கள்.

"என்னப்பா, மருந்துல போயி வாய வைக்கிறீக?"

"ஊதுனாத்தான அழுக்குப் போகும். பூச்சிக்குக் குடுக்குற மருந்து மனுசன என்னத்தா செய்யும்?"

அதையெல்லாம் பார்த்தது நான் ஒருத்திதான். கஞ்சியைப் பாதிகூடக் குடிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்று வரப்பிலேயே உட்கார்ந்தீர்கள். வேர்வை ஊற்றியது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. உங்கள் கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. நான் கத்தியதும் அடுத்த வயலிலிருந்து பெரியப்பா ஓடி வந்தார். குனிந்து உங்கள் வாயை மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"அடப் பாவி, மருந்தக் குடிச்சுட்டியேடா" என்றார்.

அவர் ஏன் அப்படி நினைத்தார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரிதான் உங்கள் இருவருக்கும் என் படிப்பை வைத்துப் பேச்சு முற்றியிருந்தது. "சமைஞ்ச பிள்ளைய டவுன் பஸ்ஸுல ஏத்திக் காரைக்குடிக்கு அனுப்புறியே, ஊரு சிரிக்குதுடா" என்றார் அவர். "சிரிக்கிறவன் வாய் வலிச்சா நிப்பாட்டிக்கிருவான்ணே. அவ பதினொண்ணாப்பு முடிக்கட்டும்" என்றீர்கள் நீங்கள். "அப்ப எம் பேச்சுக்கு இந்த வீட்டுல மருவாதி இல்ல. இனி நீ எனக்குத் தம்பியும் இல்ல" என்று எழுந்து போனார். அந்த வார்த்தை தாங்காமல் நீங்கள் குடித்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆட்கள் கூடினார்கள். "மாத்து மருந்து குடுங்கப்பா, மொதல்ல அதக் குடுங்க" என்றது ஒரு குரல். நம் ஊரில் பூச்சியைக் கொல்வதற்கும் மருந்து என்றுதான் பெயர். குடித்துச் சாவதற்கும் அதே பெயர். குடித்தவனுக்கு ஊற்றுவதற்கும் அதே பெயர். மாற்று மருந்து எது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருத்தர் கண்மாய்க் கரைப் பக்கம் ஓடினார். காலையில் ஊர் ஒதுங்கும் இடம் அது. கொட்டாங்கச்சியில் அள்ளிக்கொண்டு வந்தார். கரைக்கப் பாத்திரம் தேடினார்கள். என் கையிலிருந்த கஞ்சித் தூக்கைப் பெரியப்பா பிடுங்கி, மிச்சக் கஞ்சியை வரப்பில் கொட்டினார். வாய்க்கால் தண்ணீரை மொண்டு, கையை உள்ளே விட்டுக் கரைத்தார். அந்தக் கைதான் எனக்கு உருண்டை பிடித்துக் கொடுக்கிறது.

பள்ளிப் புத்தகத்தில் அதற்கு மலம் என்று போட்டிருக்கிறது. எழுதும்போது அந்தச் சொல்லில் நாற்றம் இல்லை.

நாலு பேர் உங்களைப் பிடித்துக்கொண்டார்கள். பல்லுக்கு நடுவில் சாட்டைக் கம்பைக் கொடுத்தார்கள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "குடிக்கலண்ணே, அடிச்சேண்ணே" என்றீர்கள். இரண்டு தடவை சொன்னீர்கள். குழறலாகத்தான் வந்தது, ஆனால் எனக்குப் புரிந்தது. நானும் "அப்பா குடிக்கல, குடிக்கல" என்று பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "பொட்டப்புள்ளைய அங்குட்டுக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று யாரோ என்னைத் தள்ளினார்கள். ஊற்றினார்கள். உங்களுக்குப் புரை ஏறியது. இருமவும் முடியாமல் முகம் கறுத்தது. மறுபடி ஊற்றினார்கள்.

"பட்டச் சரக்கு அடிச்சவன் கணக்கா மூஞ்சியச் சுழிக்கிறான் பாரு" என்றான் ஒருத்தன். இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் வாந்தி எடுத்ததும், "அம்புட்டும் வந்துருச்சு, இனிப் பொழச்சுக்கிருவான்" என்று பெரியப்பா உட்கார்ந்து அழுதார். சிரித்தவனிடம் பீடி வாங்கிப் பற்றவைத்துக்கொண்டார். அவர்கள் எல்லாருடைய முகத்திலும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது. எனக்கு மனிதர்கள் மேலேயே அருவருப்பு வந்தது அப்போதுதான்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். விஷம் முறிந்தது. அது உங்களுக்கும் தெரியும், கண் திறந்து என்னைப் பார்த்துக் காப்பி கேட்டீர்களே. வேறு எதுவும் சொல்வதற்குள் காய்ச்சல் ஏறிவிட்டது. நெஞ்சுக்குள் குழாய் விட்டு நர்ஸம்மா உறிஞ்சி எடுத்தபோது வந்ததை நான் பார்த்தேன். நர்ஸம்மா மூக்கை மூடிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார். அப்புறம் உங்களுக்கு மூத்திரம் நின்றது. முகமும் காலும் ஊதின. கண்ணாடி போட்ட அந்தச் சின்ன டாக்டர் பெரியப்பாவைத் தனியே கூப்பிட்டார்.

"விஷத்துல இருந்து மீட்டுட்டோம். நுரையீரல்ல சீழ் வச்சு, அது ரத்தத்துல கலந்துடுச்சு. இப்ப கிட்னி ரெண்டும் வேலை செய்யல. ரத்தத்தச் சுத்தம் பண்ற மெஷின் மெட்ராஸ்லதான் இருக்கு, அவ்வளவு தூரம் தாங்க மாட்டாரு. வழியில ஏதாவது வாயில ஊத்தினீங்களா?"

"உப்புத் தண்ணி சார்" என்றார் பெரியப்பா. டாக்டர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நீங்கள் போய்விட்டீர்கள். வீட்டில் அம்மா அந்தப் பித்தளைத் தூக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று மறுபடி அலமாரியில் கவிழ்த்துவிட்டாள். கேட்டால், "பித்தளையில எதுவும் ஒட்டாதுடி, வாய மூடு" என்கிறாள். ஊர் வேறு மாதிரிப் பேசுகிறது. "மக படிப்புனால வந்த சண்டையில மருந்தக் குடிச்சுட்டான்." குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. பெரியப்பா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "நான் மட்டும் மாத்து மருந்து ஊத்தலேன்னா ஆஸ்பத்திரி வாசலக்கூட மிதிச்சிருக்க மாட்டான்." கேட்பவர்கள், "அண்ணன்னா இப்படில்ல இருக்கணும்" என்கிறார்கள். நீங்கள் குடிக்கவில்லை என்று ஆகிவிட்டால் அவர் ஊற்றியதற்கு என்ன பெயர்? அதனால் நீங்கள் குடித்தே ஆக வேண்டும், அப்பா. இந்த வீட்டில் அது முடிவாகிவிட்டது. என் படிப்பும் இந்த வருஷத்தோடு நின்றுவிடும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் மனசு கோணாமல் இருந்தால் மாற்றிக்கொள்வார் என்று அம்மா நினைக்கிறாள்.

இன்று அந்தச் சின்ன டாக்டர் நம் ஊருக்கு வந்தார். பூச்சி மருந்தால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், பிழைக்காதவர்கள் எதனால் என்று வீடு வீடாகக் கேட்டு ஆராய்ச்சி செய்கிறாராம்.

"வாங்க சார், வெயில்ல வாரீக, மோர் குடிக்கிறீகளா" என்று பெரியப்பா நாற்காலி போட்டார். பிறகு எல்லாவற்றையும் முன்பு சொன்னபடியே சொன்னார். குடித்தான். வாயில் வாசம் வந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்தோம். கதவுக்குப் பின்னால் அம்மா என் கையை நகம் பதிய அழுத்திப் பிடித்திருந்தாள். டாக்டர் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். சீனி வாங்கி வருகிறேன் என்று நான் கிளம்பினேன்.

பஸ் நிற்கும் இடத்தில் அவரோடு புதுவயல் அரிசி மில்லில் வேலை முடித்து வந்த ஒரு பெண்ணும் நின்றிருந்தாள். வேறு ஊர்க்காரி, இங்கே பஸ் மாறுகிறவள். தலையெல்லாம் உமித்தூசி. நான் நேரே டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"எங்கப்பா குடிக்கல சார்."

"நீ அவரோட பொண்ணா? வாயில வாசம் வந்ததுன்னு சொன்னாரேம்மா."

"குழாய் அடைச்சுக்கிருச்சு சார். வாய வச்சு ஊதுனாக. டேங்கு ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தோல் வழியாவும் உள்ள போகும்மா. சரி, வழியில என்ன ஊத்தினாங்க?"

"மருந்து."

"என்ன மருந்து?"

மலம் என்று சொன்னால் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். உங்கள் தொண்டைக்குள் போனது பாடம் இல்லை.

"பீ சார்" என்றேன். "கரைச்சு ஊத்துனாக. எங்கப்பா குடிக்கல குடிக்கலன்னு சொல்லச் சொல்ல ஊத்துனாக."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீ சொன்னதை அப்படியே எழுதிக்கிறேன். குடிக்கலைன்னும் எழுதிக்கிறேன்" என்றார்.

அப்போது அந்த மில்காரப் பெண் கிட்டே வந்தாள்.

"அய்யா, என் மகனுக்கும் அதத்தான் ஊத்துனோம். அவன் நெசமாவே குடிச்சுட்டான். பக்கத்து வீட்டுல கரைச்சுக் குடுத்தாக, நாந்தேன் மூக்கப் பிடிச்சு ஊத்துனேன். ஆஸ்பத்திரியில தெளிஞ்சு எந்திரிச்சு உக்காந்தான். அப்புறம் காச்ச வந்து போயிட்டான். அதுனாலதான் போனானா அய்யா?"

டாக்டர் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. விஷம் அதிகமா போயிருக்கும்."

அவளுக்கு அது போதவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் போகும் பஸ் வந்தது, அவர் ஏறிப் போனார். பிறகு அவளுடைய பஸ்ஸும் வந்தது. அவள் ஏறவில்லை. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சீனி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டீக்கடையில் கேட்டது காலையில் பெரியப்பா காதுக்கு வரும். அடிப்பார் என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பயந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். படிப்பை நிறுத்தினால் அழுதுகொண்டு வீட்டில் கிடக்கலாம். இப்போது வேறு பயம் வந்திருக்கிறது. அவர் அடிக்காமல் என் முன்னால் வந்து உட்கார்ந்து, அந்தப் பெண் கேட்டதையே, "நான் ஊத்துனதுனாலதான் தம்பி போனானா" என்று கேட்டால்? அழுகிறவர்தானே அவர். கேட்பார்.

அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சாப்பிடும் சத்தம், விரலைச் சூப்புவது, என் தலையில் கை வைப்பது, எல்லாமே குமட்டுகிறது. ஆனாலும் அவர் உங்களைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தார். அது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் வெறுப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் அந்தப் பெண்ணிடம் சொன்னது இரக்கத்தில் சொன்ன பொய். எனக்கும் அப்படி ஒன்றைச் சொல்லத் தெரியும். சொன்னால் பெரியப்பா தூங்குவார், எனக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கும், நீங்கள் மருந்து குடித்தவராகவே இருப்பீர்கள். குடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கியவள் நான் ஒருத்திதான். அதை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பொய் சொல்வது?

பெரியப்பா கேட்டால், ஆமாம் என்று சொல்லப் போகிறேன்.