கச்சானுக்கு முன்னால்

இன்று காலையும் அந்த வாடை வந்தது. தருவைகுளம் ரோட்டில் வண்டி இரண்டு மைல் ஓடி எஞ்சின் சூடானதும், அதற்கு அடியில் கிடக்கும் புன்னைக்கட்டையிலிருந்து பழைய மீன் எண்ணெய் வாடை எழும். உன் வள்ளத்தின் வாடை. கண்ணாடியை முழுக்க இறக்கினாலும் போகாது. நான் இறக்குவதும் இல்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இல்லாதவனுக்குக் கடிதம் எழுதுவது அசட்டுத்தனம்தான். இருக்கிறவர்கள் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

அப்பா விட்டுப்போன வண்டி அது. பின்புறம் திறந்த சின்ன பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து வேப்பமரத்தடியிலேயே நின்றது. முன் சீட்டில் கோழி முட்டையிட்டது. நானும் படித்து முடித்து, வேலையில்லாமல், அதே மரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் வண்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்:

"ஏலே எம்.ஏ., ரெண்டும் நல்ல சாமான்தாம்ல. ஓடத்தான் மாட்டேங்கு."

வழியையும் நீதான் சொன்னாய். உன் வள்ளத்தில் இருந்த சின்ன டீசல் எஞ்சினைக் கழற்றி வண்டியில் வைப்பது. மாசி, பங்குனியில் காற்று சொன்னபடி கேட்கும். விடியலில் கரைக்காற்றில் போய், மதியம் கடல்காற்றில் திரும்பிவிடலாம். உனக்குப் பாய் போதும். நான் தருவைகுளத்து மீனை ஏற்றிவந்து, ஐஸ் போட்டு, ரயிலுக்குச் சேர்க்கலாம்.

"கச்சான் எடுக்கதுக்கு முந்தித் தந்திரணும், பாத்துக்க. மத்தபடி ஒண்ணுமில்ல."

கச்சான் மேற்கிலிருந்து வீசும். வள்ளத்தைக் கரையை விட்டு விலக்கி விலக்கித் தள்ளும். அதை எதிர்த்து வர எஞ்சின் வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஞானமுத்து அண்ணாச்சி முதலில் சிரித்தார். "மீனுக்குச் செருப்பு தைக்கச் சொல்லுதியளோ?" என்றார். பிறகு அவரும் இறங்கிவிட்டார். பதினோரு நாள் வேலை. எஞ்சின் உயரம், பானெட் மூடவில்லை, வெட்டித் திறந்தோம். எஞ்சினின் முகமும் கியர்பாக்ஸின் முகமும் பொருந்தவில்லை. உடைத்த கப்பலின் தகடு ஒன்றை வாங்கி, வட்டமாக அறுத்து, துளை போட்டு, இரண்டுக்கும் நடுவில் வைத்தார் அண்ணாச்சி. அதுவரை கடல்நீரில் குளிர்ந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கட்டினோம். ஓட்டிப் பார்த்தால் அதிர்வு தாங்காமல் அடியில் இருந்த ரப்பர் கிழிந்தது. மறுநாள் நீ உன் வள்ளத்தில் எஞ்சின் உட்கார்ந்திருந்த புன்னைக்கட்டையையே பெயர்த்துத் தோளில் வைத்துக் கொண்டுவந்தாய்.

"இது இதுல ஒக்காந்து பழகுன சனியன். வேற எடத்துல அடங்காது."

அடங்கியது.

முதல் ஓட்டம் உனக்கு நினைவிருக்கும். நினைவு என்று ஏதாவது உனக்கு இருந்தால். காலை பத்து மணி. திரேஸ்புரத்தில் உன் தெரு வழியாகப் போனோம். டப்டப் என்று வள்ளத்தின் அதே சத்தம். அந்தக் கரையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் வள்ளத்தின் சத்தம் தெரியும். தூரத்தில் கேட்டதும் உலை வைத்துவிட்டுக் கூடையோடு இறங்குவார்கள். உன் மனைவி, என் மதினியும் கூடையோடு ஓடிவந்தாள். கடலைப் பார்த்தாள். பிறகுதான் எங்களைப் பார்த்தாள்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் கூறு இருக்கா? நான் உலை வச்சிட்டேன்!"

"கரையிலயே கர சேந்தாச்சுளா. சோத்தப் போடு" என்றாய். பத்து மணிக்குச் சாப்பிட்டோம். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. உன் மகள் உன் தலையில் தட்டினாள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

வைகாசி முடியும் சமயம். சாயங்காலம் வந்தாய். உட்காரவில்லை. பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாய்.

"காத்து திரும்புத மாதிரி இருக்கு. மிசினக் கழத்திருவமா?"

படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தேன். புத்தகத்தை மூடக்கூட இல்லை.

"திங்கக்கெழம ஒரு லோடு ஒத்துக்கிட்டேன். செவ்வாக்கெழம கழத்துவோம்."

"சரில" என்றாய். அவ்வளவுதான்.

ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. திங்கள் விடியலில் நீ பாய் விரித்தாய். அன்று போன எஞ்சின் வள்ளங்கள் எல்லாம் மதியத்துக்குள் காற்றை எதிர்த்துத் திரும்பிவிட்டன. கடைசியாக வந்த ஒன்று உன்னைப் பார்த்திருக்கிறது. உன்னோடு போன இருவரை ஏற்றிக்கொண்டது. நீ வள்ளத்தை விட்டு வரமாட்டேன் என்றாயாம். கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது. பிறகு அலையில் உன்னைக் காணவில்லை. நான் அப்போது ரயிலடியில் மீன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

உன் உடல் கிடைக்கவில்லை. வெறும் சவப்பெட்டிதான் மாதா கோயிலுக்குப் போனது. நானும் ஒரு முனையைத் தூக்கினேன். கனமே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து வண்டியை எடுத்தேன். உன் தெருவைக் கடந்ததும் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மதினி கூடையோடு வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து உன் தெருவுக்கு முன்னாலேயே எஞ்சினை நிறுத்தினேன். வண்டியைக் கையால் தள்ளிக் கடந்தேன். யாராவது வந்து கைகொடுப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி பெரிய சைலன்சர் ஒன்று செய்து வைத்தார். "மாட்டிட்டா பூனை நடக்க மாதிரிப் போவும், தம்பி." ஒத்துக்கொண்டேன்.

அதை மாட்டுவதற்கு முந்தின நாள் மதினி வீட்டுக்கு வந்தாள்.

"வண்டி ஓடலையா தம்பி?"

"ஓடுது மதினி."

"சத்தத்தக் காணுமே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அவுக வரமாட்டாகன்னு எனக்குத் தெரியாதா? கிறுக்கியா நான்? அந்தச் சத்தம் கேட்டாத்தான் உலை வைக்கக் கை போவுது. அன்னைக்கு ஒருநாத்தான் கேட்டுச்சு, உலை வச்சேன். மத்த நாளெல்லாம் அடுப்பு எரியல. புள்ள பக்கத்து வீட்டுல திங்கு." வாசல்வரை போய்த் திரும்பினாள். "நிறுத்திராதீய. அவுக மனசாரத் தந்த மிசினு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். திருப்பிக் கேட்டான் மதினி, நான்தான் கொடுக்கவில்லை என்று. அவள் போய்விட்டாள்.

சைலன்சரை மாட்டவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அன்று நான் மூடாத அந்தப் புத்தகத்துக்குள் கிடக்கிறது. போகமுடியாது. வண்டியை இன்னொருவனிடம் விட்டால் அவன் வேறு தெருவில் போவான். அல்லது எஞ்சினை மாற்றுவான். தினமும் உன் தெருவில் மெதுவாகப் போகிறேன். சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று. அந்த வீட்டில் சோறு வேகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யின் மேல் வேகிறது. உண்மையைச் சொன்னால் அந்தச் சத்தத்தை அவளால் பிறகு கேட்கமுடியாது. எனக்காகச் சொல்லாமல் இருக்கிறேனா, அவளுக்காகவா என்பது இப்போது எனக்கே பிரித்துத் தெரியவில்லை.

நீ கேட்டாய். நான் செவ்வாய்க்கிழமை என்றேன். இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நீ.

இன்று உன் தெரு முனை தாண்டியதும் வழக்கம்போல் கண்ணாடியில் பார்த்தேன். உன் கூரைக்கு மேல் புகை எழுந்தது. எழுந்து நேராகப் போகவில்லை. கடல் பக்கம் சாய்ந்தது. நேற்றிலிருந்து காற்று மேற்கே இருந்து வீசுகிறது.