வெள்ளைத் துணிக்கு எதற்கு நீலம்

எங்கள் மகாராணிக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், கடையில் சலவை இயந்திரங்களில் மூன்று நலம், ஒன்று மட்டும் பழைய அரசியல்வாதி மாதிரி இருமி இருமிப் பேசுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும், முகத்தைக் காட்டாமல் உள்ளிருந்தபடியே உன்னை உதைத்து ஆட்சி செய்கிற அந்தச் சின்னப் பிரமுகரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இப்போது வலது கையைத் தூக்கி, உலகத்துச் சலவைக்காரர்கள் அத்தனை பேர் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன், இந்தக் கடிதத்தில் யாருமே நம்பமுடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஒரு யானையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன் என்று நான் சொன்னபோது, கிளிப் எத்தனை போட்டாய் என்று கேட்ட பிள்ளை நீ. ஆனால் கடைசி வரைக்கும் படி.

நலம் சொன்னதில் உன் அப்பாவை விட்டுவிட்டேன் என்பதைக் கவனித்திருப்பாய், அது மறதி இல்லை. அவர் தூங்குகிறார், கடையில் இருக்கிறார், குளிக்கிறார் என்று போனில் உன் அம்மா சொல்வதெல்லாம் என் யானையைவிடப் பெரிய கதைகள், ஒரு மனிதர் அத்தனை நேரம் குளித்தால் இந்நேரம் சோப்பு மாதிரி கரைந்து வடிகாலில் போயிருப்பார். நீ உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு அவ்வளவு தூரம் போனதில் அப்பாவுக்குக் கோபம், அதனால்தான் பேச மாட்டேன் என்கிறார், பிரசவத்துக்கும் வர மாட்டேன் என்கிறார் என்று நீ போனிலேயே அழுதாயாம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு வீட்டில் கண்டிப்பான உத்தரவு, அதை இந்த வரியோடு மீறுகிறேன். அம்மாடி, அது கோபம் இல்லை. கடையில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை இயந்திரம் உனக்கு நினைவிருக்கும், அதன் வாயருகே ஒரு தடுப்புக் கம்பி உண்டு, விரல் அதில் பட்டால் உருளை நின்றுவிடும். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் மருத்துவமனை விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன, மலை என்றால் மலைதான், உச்சியில் பனி பெய்துகொண்டிருந்தது. அந்தக் கம்பியோ ஒன்றுமில்லாததற்கெல்லாம் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று உன் அப்பா அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். மத்தியானத்துக்குள் நம் இஸ்திரி அக்காவின் வலது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. இந்த இடத்தில் நான் எதையும் பெரிதாக்கவில்லை, சின்னதாக்கவும் இல்லை. ஓடிப்போய் சுவிட்சை அணைத்ததும், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் உன் அப்பாதான், ஆனால் கம்பியைக் கழற்றியதும் அவர்தான். அக்கா தேறி வந்துவிட்டாள், இரண்டு விரல் மடங்காது, இப்போது மடிக்கிற மேஜையில் நிற்கிறாள். உன் அப்பா தேறவில்லை. அன்றிலிருந்து ரப்பர் கையுறையைக் கழற்றுவதே இல்லை. தனித் தட்டு, தனி டம்ளர், கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளுகிறார், கடைக்கு வந்தால் வாசலிலேயே நிற்கிறார், உள்ளே துணி இருக்கிறதாம். டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை சாப்பிடுகிறார், தூக்கம் வந்தது, கையுறை போகவில்லை. உன்னிடம் போக டிக்கெட் போடட்டுமா என்று உன் அம்மா கேட்டபோது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "இந்தக் கை பட்டதெல்லாம் கறையாயிடும்டா. நான் போய் அந்தப் பச்சக் குழந்தையத் தொடறதா?" உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

கையில் வலி வரும்போது அங்கே உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது என்று இஸ்திரி அக்கா ஒரு தியானக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள், டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை, தலையை மழித்துக்கொண்ட ஒரு அம்மாள் நடத்துகிறார், புத்தர் வழியில் வந்தவர், அதற்கு முன்னால் பல் டாக்டர். அவர் எதிரே உட்கார்ந்தால் என்னை அறியாமல் என் வாய் திறந்துகொள்கிறது, அது வேறு கதை. அக்கா ஒரு நாள் நம் வீட்டுக்கே வந்து, ஒரே ஒரு தடவை வந்து உட்காருங்கண்ணே என்று கேட்டாள். மற்ற யாருக்கும் முடியாது என்று சொல்கிற உன் அப்பாவுக்கு அவளிடம் அந்த வார்த்தை வரவில்லை. அன்றைக்கு அங்கே ஒரு விசேஷச் சடங்கு, அதற்கு வெள்ளைத் துண்டுகள் நிறைய வேண்டும் என்றார்கள், துவைத்துத் தரும் பெருமையை நானே ஏற்றுக்கொண்டேன். நான் துவைத்த வெண்மையை என்னவென்று சொல்வது, கொடியில் போட்டபோது மேலே பறந்த விமானம் பாதை மாறிப் போனது, தெருக்கோடிக் கண் டாக்டருக்கு ஒரே நாளில் புது வீடு கட்டுகிற அளவுக்குக் கூட்டம். மாலையில் போனோம், ஆயிரக்கணக்கில் ஜனம், படியில் நிற்க இடமில்லை. முதலில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார வேண்டும், உச்சந்தலை வழியாக வெள்ளை வெளிச்சம் உள்ளே இறங்குவதாக நினைக்க வேண்டும், நெஞ்சில் கனப்பதெல்லாம் மூச்சோடு கரும்புகையாக வெளியேறுவதாக நினைக்க வேண்டும். எனக்குள் இறங்கிய வெளிச்சத்தில் கீழே டயர் கடையில் பகல் என்று நினைத்துக் கடையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். உன் அப்பா கையுறையோடு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் முக்கியமானது. ஒரு வெள்ளைத் தாம்பாளத்தில் கண்ணாடியை நிறுத்தியிருந்தார்கள், ஒவ்வொருவராகப் போய் அதில் தெரியும் தன் முகத்தின் மேல் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு வெள்ளைத் துண்டால் ஒற்றிவிட்டு வர வேண்டும். அந்த அம்மாள் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம், "எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் அந்த முகம் நனையாது. எந்த அழுக்கும் அதுல ஒட்டாது. செஞ்ச தப்பு செஞ்சதுதான், அதுக்கு நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா அந்தத் தப்பு நீங்க இல்ல. அத மட்டும் பாத்துட்டு வாங்க."

எல்லோரும் போனார்கள், ஊற்றினார்கள், துண்டால் மெதுவாக ஒற்றித் தட்டில் வைத்தார்கள், முகம் மலர்ந்து திரும்பினார்கள். உன் அப்பா போனார். ஊற்றினார், ஒற்றினார். சலவைக்காரன் கை ஈரத் துணியைச் சும்மா வைக்குமா, தன்னை அறியாமல் துண்டை முறுக்கித் தாம்பாளத்திலேயே பிழிந்துவிட்டார். மங்கலான விளக்கு, வெள்ளைத் தாம்பாளம், அதில் கறுப்பாக ஒழுகி இறங்கியது தண்ணீர். ஒரு துணி சுத்தமா என்று நம் தொழிலில் துணியைப் பார்த்துச் சொல்ல மாட்டோம், பிழிந்த தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வோம், உனக்கே தெரியும். உன் அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியாடா. இதான் நான்" என்றார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குள் இவரை இனி எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவது, உன் அம்மாவிடம் என்ன சொல்வது, உன்னிடம் என்ன சொல்வது என்றுதான் ஓடியது. அப்போது இஸ்திரி அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாம்பாளத்தை எட்டிப் பார்த்தாள். அந்தத் துண்டை இடது கையால் எடுத்து உன் அப்பா மடியில் வைத்தாள். "அண்ணே, நல்லாப் பாருங்க" என்றாள், அவ்வளவுதான். உன் அப்பா துண்டை விளக்குக்குக் காட்டினார். கையுறையோடு தேய்த்துப் பார்த்தார், ரப்பருக்கு என்ன தெரியும். வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, துண்டை விரல்களுக்கு நடுவில் வைத்துக் கசக்கினார், முகர்ந்தார், என் பக்கம் திரும்பினார். "டேய். இத யாரு அலசினது?" நான்தான், வெண்மைக்காக நீலத்தைத் தாராளமாகவே போட்டிருந்தேன், அதைச் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். நீலம் போட்டால் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும் என்று இத்தனை வருஷமாக என் காதில்தானே ஓதினார், மண்டையில் என்ன பஞ்சா வைத்திருக்கிறேன், எங்கள் அப்பா, அதாவது உன் தாத்தா, என்னைக் கடையில் சேர்த்ததே தப்பு என்று பொழிந்து தள்ளினார். கீழே டயர்களில் காற்று இறங்கிவிட்டது. உன் அப்பா என்னைத் திட்டி எத்தனை மாதமாயிற்று, எனக்கு யாரோ மாலை போட்ட மாதிரி இருந்தது. கடைசியாக, "அது ஏற்கெனவே வெள்ளத் துணிடா, அதுக்கு எதுக்கு நீலம்?" என்றார். சொல்லிவிட்டுத் துண்டையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பல் டாக்டர் அம்மாளும் ஒன்றும் விளக்கவில்லை, அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத என் பேனா துடிக்கிறது, ஆனால் இல்லை. மறுநாள் காலையில் கையுறை திரும்பவும் ஏறிவிட்டது, தட்டும் தனிதான், டிக்கெட் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். ஆனால் அன்றைக்கே தடுப்புக் கம்பியைத் தானே எடுத்து வந்து உருளையில் மாட்டினார், அக்காவைக் கூப்பிட்டு விரலால் தட்டி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். விபத்துக்குப் பிறகு அவர் கடைக்குள் வந்ததே அன்றைக்குத்தான். ஆகவே உனக்கு ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மா என்ன சாக்கு சொன்னாலும் விடாதே. அவரிடம் உடம்பைப் பற்றிக் கேட்காதே, வருவீர்களா என்றும் கேட்காதே, அழவும் அழாதே. குழந்தைத் துணியை எப்படி அலச வேண்டும் என்று மட்டும் கேள். நீயாக ஒரு தப்பான முறையைச் சொல், நீலம் போடலாமா என்று கேள். மற்றதை அவர் தொழில் பார்த்துக்கொள்ளும். அதற்காக அந்த நாட்டுக்கே வந்து காட்டுகிறேன் என்று கிளம்பினாலும் எனக்கு ஆச்சரியமில்லை. நீ கனமானதைத் தூக்காதே, பசி வரும்வரை காத்திராமல் சாப்பிடு, மாப்பிள்ளை சமைத்தால் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல், பொய் சொல்வது நம் குடும்பத்துக்கு அழகு. நீயும் பிள்ளையும் நோயில்லாமல், பயமில்லாமல், பிழிந்த தண்ணீர் மாதிரித் தெளிவாக நீண்ட காலம் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

உன்னைத் தோளில் சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன,
சித்தப்பா

பி.கு. விமானம் வழக்கமான பாதையில்தான் போனது. கூட்டம் ஒரு வேன் கொள்ளும் அளவுதான். டயர் கடை பூட்டியே இருந்தது. திட்டும் நான் எழுதிய அளவுக்கு நீளமில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம், இவ்வளவு பெரிய கதையில் எழுத விட்டுப்போனது. கூட்டம் கலைந்த பிறகு உன் அப்பா அந்தத் துண்டுகளை எல்லாம் பின்பக்கக் குழாயடிக்கு எடுத்துப்போய்த் திரும்ப அலசினார். அக்காவால் முறுக்க முடியாது, அதனால் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் முறுக்கினார். இரண்டு கையிலும் உறை இல்லை. அது நிஜம், நான் பார்த்தேன்.