இஞ்சின் பூட்ட இடமில்லாத கார்

வெள்ளி, இஷா தொழுகைக்குப் பிறகு.

திகன ஏற்றத்தில் நின்றுபோன என் காரை இன்று மடவளை கராஜில் திறந்து பார்த்தார்கள். இஞ்சின் முடிந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் துருச் சேறு அடைத்திருந்தது. இருபது வருடமாக நான் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன். கூலன்ட் எல்லாம் கடைக்காரன் ஏமாற்று என்று சொன்னவன் நான்.

மெக்கானிக் பாரூக், "ஹாஜியார், வேற இஞ்சின் போடலாம். ஆனா அடிச்சட்டமும் துருப்புடிச்சு உக்கிப் போய் ஈக்கி. இஞ்சின எதுல பூட்டுற?" என்றான்.

கூட வந்த மகன், "விடுங்க வாப்பா, வித்துடுவோம். உம்மாவ நான் கூட்டிப் போறன்" என்றான்.

வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நான்தான் ஓட்டிப் போவேன். இந்த வீட்டில் என் பொறுப்பென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

"சட்டத்த வெல்ட் பண்ணி இஞ்சினப் போடு" என்றேன். பாரூக் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தான். மகன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

வீட்டுக்கு வந்து, கார் சரியாகும்வரை பஸ்ஸில் போவோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"பஸ்ல நிக்க எனக்கு ஏலாது. திங்கக்கெழம மகன அவன்ட வண்டியோட வரச் சொல்லிட்டன். பின்னுக்கு எடம் ஈக்கி, வாரதெண்டா வாங்க."

வரமாட்டேன் என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. ஊசி குத்தும்போது அவள் பிடித்துக்கொள்வது என் கையை. திங்கட்கிழமை என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை.