ஏரிக்கரைப் பலகையில் உன் குண்டு எழுத்து

அன்பு மகள் அக்மராலுக்கு, பல்காஷ் ஏரிக்கரையிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம், பிராக் நகரத்துக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

தயிர் டப்பாவுக்காக நீ வரைந்த எழுத்து இங்கேயும் வந்துவிட்டது. தடித்த கோடு, மூலையே இல்லை, முனையெல்லாம் பிசைந்த மாவை உருட்டிவிட்டது போல, பார்த்ததும் எனக்கே கடிக்கத் தோன்றியது. அதோடு நின்றிருந்தால் நல்லது. உன்னோடு படித்த யெர்தென் இப்போது ஊர்ப் பலகைகளுக்கெல்லாம் அதிகாரி, அவன் கையில் அது சிக்கியது. மருந்துக்கடை, பல் வைத்தியர், கடைசியில் மையவாடி வாசலிலும் அதே உப்பிய எழுத்து, செத்தவர்களை ஐஸ்கிரீம் தின்னக் கூப்பிடுவது போல. கேட்டால் மக்களுக்கு இதமாக இருக்கிறதாம். அவன் மூளையும் அப்படித்தான், எங்கேயும் ஒரு கூர் கிடையாது.

குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் சந்தை போட்டபோது, கரையில் நீலப் பலகை வைத்து வெள்ளைக் குண்டு எழுத்தில் வரவேற்றான். பனி இளகியதும் அதே இடத்தில், அதே நீலத்தில், அதே எழுத்தில், பனி மெலிந்துவிட்டது வண்டி இறக்காதீர்கள் என்று மாட்டினான். அத்தனை சொல்லையும் நெருக்கி அடித்ததில் எழுத்துக்குள் இருக்கும் சின்ன வட்டங்கள் அடைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்றால் வெறும் வெள்ளை உருண்டைகள்தான் தெரிந்தன. எதிர்வீட்டு மீன்காரர் தோலேபாய், சந்தைப் பலகை இன்னும் நிற்கிறது, பனி கெட்டியாகத்தான் இருக்கும் என்று நம்பி, மனைவி ரௌஷானோடு வண்டியை இறக்கிவிட்டார். பனி உடைந்து வண்டி தண்ணீருக்குள் போய்விட்டது. இருவரும் பனி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார்கள், உன் அப்பாதான் கயிறு வீசி இழுத்தார்.

மறுநாள் யெர்தென் தேன் பாட்டிலோடு அவர்கள் வீட்டுக்கு வந்தான், நானும் இருந்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்ததாம், படிக்காதது தோலேபாய் தப்பாம். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ரௌஷான் மெல்லச் சொன்னாள்: "தம்பி, அந்த எழுத்து எங்கள வா வான்னு கூப்பிட்டுச்சு. போனோம்." உடனே அந்தக் கோழை என் பக்கம் திரும்பி, எழுத்து உங்கள் மகளுடையதுதானே அத்தை என்றான். "அவ தயிருக்கு வரைஞ்சா, நீ அதைச் சாவுக்கு மாட்டின," என்றேன். தேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான், விட்டுப்போகக்கூட மனசில்லை.

அப்பா பழைய கதவொன்றை அறுத்து, கோடும் மூலையுமாகச் சிவப்பில் இரண்டே சொல் எழுதி நட்டார். போகாதே, சாவாய். ஊர் அழகு கெடுகிறது என்று யெர்தென் பிடுங்க வந்தபோது ரௌஷான் அதன் முன்னால் போய் நின்றாள். அவன் திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு வருகிற வண்டியெல்லாம் கரையிலேயே நிற்கிறது.

எழுத்தின் மேல்தான் பழி என்று அவன் உனக்கும் எழுதுவான், அதைப் படித்து அழுதுகொண்டு உட்காராதே. வேளைக்குச் சாப்பிடு, நல்ல கம்பளி உறை வாங்கிக் காலில் போடு. இறைவன் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். அடுத்து ஒரு கண்டிப்பான எழுத்தாக வரை மகளே, பார்த்த மாத்திரத்தில் யெர்தென் மாதிரி மடையன்கூட நின்றுவிட வேண்டும்.

உன் அம்மா,
கூல்ஜிரா